ஆடி போகட்டும் என்றார்கள்

தீபாவளி நோம்பிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. உக்கடத்தில் எங்கள் வாடகை வீட்டின் மூன்றாம் மாடியில் அம்மா பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மாவாக்கி, வெல்லப்பாகில் கிளறி ஒரு சட்டியில் மூடிவைத்திருக்கிறார். இரண்டு மூன்று நாள் அந்த மாவு பதமாக இருந்தால் கச்சாயம் நன்றாக வரும். சுட்ட பிறகு யார் யாருக்குக் கொடுப்பது என்று அவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். எந்த மாதம் வீடு மாறுவது என்று இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறார். இரண்டு கணக்குகளும் எங்கள் வீட்டில் ஒன்றாகவே பேசப்படுகின்றன. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் அருந்ததியர். அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். காலை ஐந்தரை மணிக்கெல்லாம் வருகைப் பதிவுக்கு நிற்க வேண்டும். நான் முனைவர் பட்ட ஆய்வாளர். 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்ததால் படிப்பில் மேலே ஏறிய தலைமுறையைச் சேர்ந்தவள். அம்மாவின் முழங்கால் தேய்ந்துவிட்டது. மூன்று மாடி ஏறி இறங்க முடியவில்லை. கீழ்த்தளத்தில், பல்கலைக்கழகத்துக்கும் அவருடைய வேலைக்கும் நடுவில் ஒரு வீடு வேண்டும். எங்கள் தேவை அவ்வளவுதான்.

தேடத் தொடங்கியது ஆடி மாதத்தில். உதவித்தொகை நிலுவை அப்போதுதான் கைக்கு வந்தது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், அதனால் வீடுகள் காலியாகக் கிடக்கும், பேரம் பேசலாம் என்பது என் கணக்கு. வீடுகள் உண்மையிலேயே காலியாகக் கிடந்தன. வடவள்ளிப் பக்கம், செல்வபுரம், குனியமுத்தூர், சுந்தராபுரம் என்று ஒன்பது வீடுகள் பார்த்தேன். எங்கும் யாரும் என்னைத் திட்டவில்லை. கொங்குப் பேச்சின் மரியாதை உலகம் அறிந்தது. எல்லோரும் ‘வாங்க’, ‘உட்காருங்க’ என்றார்கள். சிலர் தண்ணீரும் கொடுத்தார்கள். பிறகு கேள்விகள் வந்தன. சொந்த ஊர் எதுங்க? இப்ப எங்க இருக்கீங்க? அப்பா என்ன பண்றாருங்க? குலதெய்வம் எங்கீங்க?

சாதி என்ன என்று நேராகக் கேட்டவர் ஒருவர்கூட இல்லை. ஒரு வீட்டில் அம்மா கைப்பேசியில் அழைத்தார். நாங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. நான் தெலுங்கில் பேசி முடித்ததும் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. “நாயுடுங்களா?” என்றார். “இல்லீங்க” என்றேன். கோவையில் தெலுங்கு பேசி, நாயுடுவாக இல்லாமல், உக்கடத்தில் குடியிருப்பவர் யாராக இருக்க முடியும் என்று அவர் மனதில் ஒரு கூட்டல் கணக்கு நடந்தது. விடை வந்ததும் முகம் பழையபடி ஆனது. “ஏனுங்க அம்மணி, ஆடி மாசத்துல யாராச்சும் வீடு மாத்துவாங்களா? ஆடி போகட்டுங்க, பார்த்துக்கலாம்” என்றார்.

அன்று அந்த வாக்கியத்தை நான் நம்பினேன். ஆடியில் வீடு மாறாத ஊர்தானே இது. ஆனால் நான்காவது வீட்டிலும் ஆறாவது வீட்டிலும் அதே வாக்கியம் வந்தபோது ஒரு சந்தேகம் எழுந்தது. என்னோடு ஆய்வு செய்யும் தோழி ஒருத்தி ஆதிக்கச் சாதியில் பிறந்தவள். அதே வாரம், அதே ஆடியில், அதே எண்ணுக்குப் பேசச் சொன்னேன். ஊரும் குலதெய்வமும் சொன்னாள். அவளுக்குக் கிடைத்த பதில் இது: “அட்வான்ஸை இப்பவே கொடுத்து வெச்சுருங்க. ஆவணி முதல் முகூர்த்தத்துல பால் காய்ச்சிக்கலாமுங்க.”

ஆடி இருவருக்கும் ஆடிதான். அவளுக்கு அது காத்திருக்கும் மாதம். எனக்கு அது கதவு. ஆவணி பிறந்ததும் நான் பேசியபோது வீடு ‘போயிருச்சு’.

இதை என் தனி அனுபவம் என்று ஒதுக்க வேண்டாம். சுக்தேவ் தோரட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் டெல்லி வட்டாரத்தில் இதே சோதனையை முறையாகச் செய்து 2015இல் வெளியிட்டார்கள். ஒரே தகுதியோடு, பெயரில் மட்டும் வேறுபட்டவர்கள் வாடகை வீடு கேட்டார்கள். உயர்சாதிப் பெயருக்குக் கதவுகள் ஏறக்குறைய எல்லாமே திறந்தன. தலித் பெயருக்குப் பல மூடின. முஸ்லிம் பெயருக்கு அதைவிட அதிகம் மூடின. மறுத்தவர்கள் அங்கும் காரணமாகச் சாதியைச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. சுத்தம், உணவு, உறவினர், இப்போதுதான் வேறொருவர் பேசிவிட்டுப் போனார் என்று எத்தனையோ இருக்கின்றன. நம்மூரில் பஞ்சாங்கமும் அந்தப் பட்டியலில் ஒன்று.

நாள் பார்ப்பதை மூடநம்பிக்கை என்று மட்டும் திட்டி முடித்துவிடுவது நம் இயக்க வழக்கம். அது பாதி உண்மை. ஆடிப்பட்டம் விதைப்புக் காலம். உழவு வீட்டில் ஆளுக்கும் காசுக்கும் நெருக்கடி உள்ள மாதத்தில் கல்யாணம், குடிபுகல் வேண்டாம் என்று வைத்ததற்கு ஒரு காலத்தில் பொருள் இருந்திருக்கலாம். ஆனால் அந்த விதி வேண்டிய இடத்தில் வளைகிறது என்பதைக் கவனியுங்கள். ஆடியில் துணி விற்காது என்றதும் கடைக்காரர்கள் தள்ளுபடியைக் கண்டுபிடித்தார்கள். இன்று ஆடி, விற்பனை மாதம். எங்கள் தலைக்கு மேல் ஓடும் உக்கடம் மேம்பாலத்தை முதலமைச்சர் திறந்துவைத்ததும் 2024 ஆகஸ்ட் 9, ஆடி மாதத்தில்தான். பாலத்தில் வண்டிகள் நன்றாகவே ஓடுகின்றன. பணத்துக்காக வளைகிறது. அரசுக்காக வளைகிறது. அருந்ததியப் பெண் வீடு கேட்டு நிற்கும்போது மட்டும் நிமிர்ந்துகொள்கிறது.

இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். இது சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் எம்ஃபில் படித்தபோது நடந்தது. இன்னொரு மாணவியோடு சேர்ந்து ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர்கள் என் சாதியைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதல் வருடத் தீபாவளிக்கு ஒரு இனிப்புக் கடையில் அரைக் கிலோ பெட்டி வாங்கிக் கொடுத்தேன். மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டார்கள். பதிலுக்கு அவர்கள் வீட்டு முறுக்கு வந்தது.

அடுத்த வருடம் அம்மா என்னோடு வந்து தங்கினார். கடைப் பெட்டியெல்லாம் எதற்கு என்று சொல்லி, இரவு முழுக்க உட்கார்ந்து கச்சாயம் சுட்டார். எண்ணெய் வடியவைத்து, ஒரு எவர்சில்வர் போசியில் அடுக்கி, மேலே வாழையிலை கிழித்து மூடி, தானே எடுத்துப் போய்க் கொடுத்தார். வீட்டுக்கார அம்மாள் வாங்கிக்கொண்டு, “நீங்க என்ன வேலைக்குப் போறீங்க?” என்று கேட்டார். அம்மா மறைக்கவில்லை. அவருக்கு மறைக்கத் தெரியாது. மறைக்க வேண்டிய வேலை என்று அவர் நினைத்ததும் இல்லை.

மறுநாள் போசி திரும்பி வந்தது. நன்றாகத் துலக்கி, ஈரம் துடைத்து, வெறும் போசி.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பார்கள். அந்த வீட்டில் சர்க்கரை இல்லாமல் இல்லை. அம்மா போசிக்குள் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. அலமாரியில் கவிழ்த்துவைத்தார்.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்காரர் வந்தார். சொந்தக்காரர்கள் வருகிறார்கள், பின்கட்டு வேண்டியிருக்கிறது என்றார். “மார்கழி பொறந்துட்டா வீடு மாத்தக் கூடாதுங்க. அதுக்கு முன்னாடி காலி பண்ணிட்டா உங்களுக்கும் நல்லதுங்க” என்றார். உள்ளே வராதே என்று சொல்ல ஆடி, சீக்கிரம் வெளியே போ என்று சொல்ல மார்கழி. ஒரே பஞ்சாங்கம்தான்.

கடைப் பெட்டியை ஏற்ற கை ஏன் கச்சாயத்தை ஏற்கவில்லை? கடை இனிப்பில் யாருடைய கை என்று தெரியாது. இயந்திரமும் அட்டைப் பெட்டியும் கையை மறைத்துவிடுகின்றன. கையால் செய்த பரிசு அப்படி அல்ல. அதில் செய்தவரின் கை அப்படியே தெரியும். கைப்பக்குவம் என்று நாம் கொண்டாடுவதும் அதைத்தான், சாதி அருவருப்பதும் அதைத்தான்.

பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் 1960களில் காங்கேயம் பகுதிக் கிராமத்தில் தங்கிக் கள ஆய்வு செய்தார். 1972இல் வந்த அவரது நூல் கொங்குச் சமூகத்தைப் பற்றி ஆய்வு செய்யும் எல்லோரும் தொடும் நூல். எந்தச் சாதி யார் கையால் சமைத்ததை வாங்கிச் சாப்பிடும், யார் கையில் வாங்காது என்பதை அவர் பதிந்திருக்கிறார். படிநிலை வேதப் புத்தகத்தில் மட்டும் இல்லை, பந்தியிலும் சோற்றிலும் இருக்கிறது என்பதை அதில் காணலாம். பரிசைப் பற்றி 1925இல் எழுதிய பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் கொடுத்தல், வாங்குதல், திருப்பித் தருதல் என்று மூன்று கடமைகளைச் சொல்கிறார். வாங்க மறுப்பது உறவையே மறுப்பதாகும் என்பார். சாதி இந்த மூன்றையும் ஒருவழிப் பாதையாக்கி வைத்திருக்கிறது. தீபாவளி காலையில் தூய்மைப் பணியாளர்களுக்குப் பழைய சேலையும், முந்தாநாள் பலகாரமும், பத்து ரூபாய்த் தாளும் வாசலில் நீட்டப்படும். கை படாமல் மேலிருந்து விழும். அது ‘இனாம்’. இனாம் கொடுத்தவர் வீட்டுக்கு நாம் திருப்பிக் கொடுக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். கொடுக்கும் கையாக நாம் மாறும் நிமிடத்தில் வெறும் போசி வருகிறது.

இது என் வீட்டுப் போசியோடு முடியும் கதையும் இல்லை. 2018 ஜூலையில், திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டாரத்தின் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக்கூடாது என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் எதிர்த்தார்கள். முதலில் அவரை இடம் மாற்றினார்கள். கண்டனம் கிளம்பிய பிறகே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 2023இல் காலை உணவுத் திட்டம் விரிந்தபோது கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில் தலித் பெண் சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிட வேண்டும் என்பதற்காக ஆட்சியரே போய்ப் பள்ளியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. அந்தச் சமையல்காரர்கள் சமைத்த அரிசியும் பருப்பும் அரசுடையது. கை மட்டும்தான் அவர்களுடையது. பிரச்சினை அந்தக் கைதான்.

வீட்டுக்கு வருகிறேன். எங்கே குடியிருப்பது, எப்போது போவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? 1917இல் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவில் படித்துவிட்டுப் பரோடா அரசுப் பணிக்கு வந்தார். தங்க இடம் கிடைக்காமல் பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்தவர்கள் மாலைக்குள் காலி செய்யச் சொன்னார்கள். ஓர் இந்து நண்பரும் ஒரு கிறிஸ்தவ நண்பரும் கைவிரித்த பிறகு, ரயில் வரும்வரை அவர் பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு படித்தவருக்கும் வீடு மாறும் நாளை வேறு யாரோ குறித்தார்கள்.

உக்கடம் அப்படி நாள் குறிக்கப்பட்டவர்களின் ஊர். குளக்கரைகளை அழகுபடுத்தும் திட்டங்கள் வந்தபோது கோவைக் குளங்களின் கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, வெள்ளலூர், கோவைப்புதூர் என்று நகரத்தின் விளிம்புகளுக்கு அனுப்பப்பட்டன. மேம்பாலப் பணிக்காக சிஎம்சி காலனியின் தூய்மைப் பணியாளர் வீடுகள் இடிபட்டன. எங்களுக்கு இங்கேயே மாற்று வீடு வேண்டும் என்று அந்த மக்கள் போராடினார்கள். விடியலில் வேலைக்கு நிற்க வேண்டியவர்களுக்கு வேலையிடத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி வீடு கொடுத்தால், அது வீடு அல்ல, வேலையிழப்பு. எங்கள் குடும்பமும் நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது அப்படிப் போனதுதான். ஒரு காலையில் லாரி வந்தது. அன்று அமாவாசையா அஷ்டமியா என்று யாரும் பார்க்கவில்லை. ஆறு மாதம் அங்கே இருந்துவிட்டு, விடியற்காலை பேருந்து இல்லாததால் வாடகைக்கு உக்கடமே திரும்பினோம்.

இடம் தேர்வு செய்ய முடியாமை உயிரையும் எடுக்கும். 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு தனியார் வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் மழையில் இடிந்து பக்கத்துத் தலித் குடியிருப்பின் மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் இறந்தார்கள். அந்தச் சுவருக்குக் கீழே வாழ அவர்கள் தேர்வு செய்யவில்லை. வேறு இடத்தில் அவர்களுக்கு வீடு கிடைத்திருக்காது என்பதையும் சேர்த்துத்தான் அந்தச் சாவுகளைக் கணக்கிட வேண்டும்.

உக்கடம் என்ற பெயருக்கு இன்னொரு சுமையும் உண்டு. 1998 பிப்ரவரி குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 தீபாவளிக்கு முந்தைய நாள் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன் கார் வெடித்த பிறகும், எந்தக் குற்றமும் செய்யாத முஸ்லிம் குடும்பங்களின் முகவரியே குற்றமாகப் பார்க்கப்படுகிறது. எங்கள் எதிர்வீட்டு அக்காவின் மகன் ஐடி வேலையில் இருக்கிறான். அவனுக்கும் வீடு கிடைக்கவில்லை. அவனிடம் யாரும் ஆடியைக் காரணம் சொல்லவில்லை, ‘வெஜிடேரியன் மட்டும்’ என்றார்கள். ஆனால் இதே தெருவில்தான் நோன்புக் கஞ்சி எங்கள் போசியில் நிரம்பி வருகிறது, அதே போசியில் கச்சாயம் போகிறது. இருபது வருடமாக அது ஒரு தடவைகூட வெறுமையாகத் திரும்பியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தீண்டாமையின் பெயரால் எந்தப் பகுதியிலும் ஒருவர் குடியிருப்பதைத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. ஆனால் ‘ஆடி போகட்டும்’ என்ற வாக்கியத்தில் தீண்டாமை இருக்கிறது என்று எந்தக் காவல் நிலையத்தில் நிரூபிப்பது? தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும் என்கிறது, முன்பணத்துக்கு வரம்பு வைக்கிறது. சாதி, மதம் பார்த்து வீடு மறுப்பதைப் பற்றி அது பேசவில்லை. பேசவேண்டும். சமூக நீதியைச் சொந்தம் கொண்டாடும் மாநிலத்தில் வாடகைக்கு விடுவது ஒரு வணிகம் என்றால், அந்த வணிகத்தில் சாதி, மதம் கேட்பதும் சுற்றிவளைத்துக் கேட்பதும் தண்டனைக்குரியது என்று திருத்தம் வேண்டும். அதைக் கோரிக்கையாக எடுக்கும் பொறுப்பு நம் அமைப்புகளுக்கு இருக்கிறது.

இனி என் தவறையும் சொல்லவேண்டும். புரட்டாசியில் போத்தனூரில் ஒரு வீடு அமைந்தது. கீழ்த்தளம். ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளர் வீடு. தண்ணீர்க் கட்டணம் தனி, சம்மதமா என்பது மட்டுமே அவர் கேள்வி. உடனே போய்விடலாம் என்றேன். அம்மா, “தை மாசம் போலாம்” என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆடி என்று சொல்லி நம்மை விரட்டியவர்களின் பஞ்சாங்கத்தையே நாமும் பார்ப்பதா என்று கேட்டேன். சுயமரியாதைத் திருமணங்களை வேண்டுமென்றே ராகு காலத்தில் நடத்திய மரபைச் சொன்னேன். 1967இல் அண்ணா ஆட்சி அந்தத் திருமணங்களுக்குச் சட்ட உரிமை கொடுத்ததையும் சொன்னேன். ராகு காலத்திலேயே பால் காய்ச்சுவோம் என்றேன்.

அம்மா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: “நாம போனதெல்லாம் ராகு காலத்துலதான் கண்ணு. லாரி வந்துச்சு, போனோம். காலி பண்ணுன்னாங்க, பண்ணுனோம். ஒரு தடவையாச்சும் நாள நான் குறிக்கறேன், விடு.”

எனக்குப் பதில் இல்லை. பிறகு மெல்ல விசாரித்தபோது, அவர் குறித்த நாளில் பஞ்சாங்கம் கொஞ்சம்தான் இருந்தது. தீபாவளிக்குப் பட்டாசுக் குப்பை, விடுப்புக் கிடைக்காது. கார்த்திகையில் மழை. பொங்கல் குப்பை அள்ளி முடித்த பிறகு வரும் ஞாயிறு அவருக்கு ஓய்வு, அவர் தங்கையும் ஊரிலிருந்து வருவார். எங்கள் வீட்டில் முதல்முறையாக ஒரு நாள் எங்கள் வேலையையும் உடம்பையும் உறவையும் பார்த்துக் குறிக்கப்பட்டிருக்கிறது. தை நல்ல மாதம் என்றும் சேர்த்துச் சொன்னார். அதில் எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் அதற்காக அவரோடு சண்டை போடப்போவதில்லை. பகுத்தறிவு என்பது நாள் பார்ப்பவரைக் கேலி செய்வது அல்ல. யாருக்கு நாள் குறிக்கும் உரிமையே இல்லாமல் இருந்தது என்று முதலில் கேட்பது. அதை நான் என் ஆய்வேட்டில் படித்துக் கற்கவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். தைவரை பாதி வாடகை கொடுங்கள், பூட்டியே வைக்கிறேன் என்றார்.

இதைப் படிக்கும் இளம் தோழர்களில் பலருக்குச் சொந்த வீடு இருக்கும். அதில் ஒரு பகுதி வாடகைக்கும் விடப்பட்டிருக்கும். ‘நான் சாதி பார்ப்பதில்லை’ என்று நீங்கள் எழுதும் அதே நேரத்தில் உங்கள் வீட்டு வாசலில் உங்கள் பெற்றோர் யாரிடமாவது குலதெய்வம் கேட்டுக்கொண்டிருக்கலாம். அந்த உரையாடலில் போய் உட்காருங்கள். ‘வெஜிடேரியன் மட்டும்’ என்ற பலகையைக் கழற்றுங்கள். ஆடி போகட்டும் என்று உங்கள் அப்பா சொன்னால், ஆவணியில் அவர்களைக் கூப்பிட்டீர்களா என்று கேளுங்கள். ஊரில் போராட்டம் நடத்துவதைவிட இது கடினம் என்று எனக்குத் தெரியும்.

நோம்பியன்று உங்கள் தெருவைக் கூட்டுபவருக்கு இனாம் கொடுப்பதை நிறுத்துங்கள் என்று சொல்லமாட்டேன். அவர்களுக்கு முறையான போனஸும் நிரந்தரப் பணியும் கிடைக்க உடன் நில்லுங்கள். அவர்கள் வீட்டுப் பலகாரத்தைக் கேட்டு வாங்குங்கள். வாசலில் நின்று வாங்கி உள்ளே கொண்டுபோய் வைக்காமல், அங்கேயே ஒன்றை எடுத்துக் கடியுங்கள்.

அம்மாவின் பட்டியலில் இந்த முறை எதிர்வீட்டு அக்கா இருக்கிறார். போத்தனூர் வீட்டுக்காரர் இருக்கிறார். என் தோழியும் இருக்கிறாள், ஆனால் அவளுக்குத் தனியாகக் கொடுக்கக்கூடாதாம், அவள் வீட்டுக்கே கொண்டுபோய் அவளுடைய அம்மா கையில் கொடுக்க வேண்டுமாம். அன்று திரும்பி வந்த அதே எவர்சில்வர் போசியை அலமாரியிலிருந்து எடுத்துப் புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறார். தோழியிடம் சொல்லிவிட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “வாங்க, அம்மாகிட்ட நான் பேசறேன்” என்றாள்.